பொறுப்புத் துறைத்தலைவர் பதவி: கடிதம் கையில் வருமுன் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்

வாசகி கேள்வி: டர்பனில் ஓர் அரசு டீவெட் (தொழில்நுட்ப, தொழிற்கல்வி) கல்லூரியில் மின்பொறியியல் மூத்த விரிவுரையாளராக இருக்கிறேன். எங்கள் துறைத்தலைவர் ஓய்வு பெற்ற மறுநாள், கேம்பஸ் மேனேஜர் வாட்ஸ்அப்பில் "இன்று முதல் நீங்கள்தான் ஆக்டிங் எச்.ஓ.டி." என்று செய்தி அனுப்பினார். ஐந்து வாரம் ஆகிறது. கடிதம் வரவில்லை, சம்பளமும் மாறவில்லை. சொந்தக்காரர் மூலம் அறிமுகமான ஒருவர், 15,000 ராண்ட் கொடுத்தால் ஆர்டர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஒரு வருடம் பொறுப்பில் இருந்துவிட்டால் பதவி தானாகவே நிரந்தரமாகிவிடும் என்கிறார். கொடுக்கலாமா? (சாட்ஸ்வொர்த்)

பதில்: ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். அந்த ஆள் சொன்ன இரண்டும் பொய். பொறுப்பு நியமனக் கடிதத்துக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. எத்தனை வருடம் பொறுப்பில் இருந்தாலும் பதவி தானாக நிரந்தரமாகாது.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. அது நியமனம் ஆகாது. தென்னாப்பிரிக்கப் பொதுச் சேவைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, ஒருவரை இன்னொரு பதவியில் பொறுப்பாக வைப்பதென்றால் எழுத்தில் உத்தரவு வேண்டும் என்கிறது. அந்த எழுத்தையும் அதிகாரம் உள்ளவர்தான் எழுத வேண்டும். 2015 ஏப்ரல் 1 முதல் அரசு டீவெட் கல்லூரி விரிவுரையாளர்கள் உயர்கல்வித் துறையின் ஊழியர்கள். கல்லூரி முதல்வர், துணை முதல்வர் நியமனம் அமைச்சரின் அதிகாரம். அதற்குக் கீழே உள்ள பதவிகளுக்கு யார் கையெழுத்திடலாம் என்பதைத் துறையின் அதிகார ஒப்படைப்பு ஆவணம் சொல்லும். கேம்பஸ் மேனேஜர் உங்கள் பெயரைச் சிபாரிசு செய்யலாம், நியமிக்க முடியாது. ஆனாலும் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். தேதி தெரியும்படி படம் எடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். நீங்கள் எந்த நாளில் வேலையை ஏற்றீர்கள் என்பதற்கு இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

கடிதம் வரும்போது அவசரப்பட்டுக் கையெழுத்திடாமல் வரி வரியாகப் படியுங்கள். பதவியின் பெயரும் நிலையும், உங்கள் பெர்சல் எண்ணும் (அரசு ஊதியப் பட்டியலில் உங்களுக்குள்ள எண்) அதில் இருக்க வேண்டும். பதவி காலியாக உள்ளது, அதற்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ளது என்ற இரண்டும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். தொடங்கும் தேதி, முடியும் தேதி, பொறுப்புப் படி (பொறுப்பு வகிப்பதற்கான கூடுதல் தொகை) வழங்கப்படும் என்ற வரி, அதிகாரியின் கையெழுத்து, நீங்கள் ஏற்றுக் கையெழுத்திட இடம் எல்லாம் தேவை. இவற்றில் பலரும் கவனிக்காமல் விடுவது நிதி பற்றிய வரியைத்தான். நாற்காலி காலியாக இருக்கிறது என்பதற்காக அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. நிதி இல்லாத பதவியில் உட்கார்ந்து வேலை செய்தவருக்கு, வருடக் கடைசியில் "பட்ஜெட்டில் இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

கடிதத்தில் "ஒருங்கிணைப்பாளர்", "கூடுதல் பணி", "தற்காலிகக் கவனிப்பு" போன்ற சொற்கள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேலை முழுவதும் துறைத்தலைவருடையதாக இருக்கும், ஆனால் அந்தச் சொற்களை வைத்துப் படி கேட்க முடியாது. இது பல கல்லூரிகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஓய்வு பெறும் தேதி பல வருடங்களுக்கு முன்பே தெரிந்த ஒருவருக்கு மாற்று ஆளை ஏற்பாடு செய்யாமல், கடைசி நாளில் கைப்பேசியை எடுப்பது நிர்வாகமே இல்லை. காலிப் பதவியை ஆறு மாதத்துக்குள் விளம்பரப்படுத்த வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுப் பொதுச் சேவை விதிகள் எழுதப்பட்டபோதே சொல்லிவிட்டார்கள். கோப்பு பிரிட்டோரியா தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்ற ஒரே பதிலை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகப் பொறுப்பு ஆட்களை வைத்தே ஓட்டுகிறார்கள். பாதிக்கப்படுவது மாணவர்கள்.

இப்போது உங்கள் விஷயத்தில் அவசரமான ஒன்று. ஐந்து வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். பொறுப்புக் காலம் இடைவிடாமல் ஆறு வாரத்தைத் தாண்டினால்தான் படி கிடைக்கும். இந்த விதியை மேலிடமும் அறியும். ஐந்தாவது வாரத்தின் முடிவில் "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், இன்னொருவர் பார்க்கட்டும்" என்பார்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப உங்களிடமே வருவார்கள். கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கும். என்4 முதல் என்6 வரையிலான பொறியியல் படிப்பு நிலைகள் வருடத்துக்கு மூன்று குறுகிய பருவங்களாக நடப்பதால், ஒரு பருவத்தை இப்படி இரண்டு துண்டாக்கினால் இரண்டு பேரிடம் வேலை வாங்கி ஒருவருக்கும் படி தராமல் தப்பிக்கலாம். ஆகவே இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் தொடக்கத் தேதி நீங்கள் உண்மையில் வேலையை ஏற்ற நாளாக இருக்கட்டும். கடந்துபோன தேதியிலிருந்து நடப்புக்கு வரும்படி ஒப்புதல் தர அதிகாரிகள் தயங்குவார்கள். தாமதம் கூடக் கூட அந்தத் தயக்கமும் கூடும்.

படி எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். மேல் பதவியின் தொடக்க ஊதியத்திலிருந்து உங்கள் இப்போதைய ஊதிய நாட்சை (ஊதிய ஏணியில் நீங்கள் நிற்கும் படிநிலை) கழித்தால் வருவதுதான் படி. மேல் பதவி வருடத்துக்கு 5,40,000 ராண்டில் தொடங்குகிறது, நீங்கள் 4,80,000 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60,000, மாதத்துக்கு 5,000. வரி பிடித்த பிறகு இன்னும் குறையும். ஓய்வூதியக் கணக்கில் இது சேராது. நீண்ட காலம் பணியாற்றி நாட்ச் ஏறியவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: அவர்களுடைய சம்பளம் மேல் பதவியின் தொடக்கத்தை ஏற்கெனவே தொட்டிருந்தால் வித்தியாசம் பூஜ்யம். பொறுப்பை ஏற்குமுன் எச்.ஆரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கடிதம் வரும்வரை எதில் கையெழுத்திடலாம் என்பது பலரும் யோசிக்காத விஷயம். ஐசாஸ் (வகுப்பு வழி அக மதிப்பீடு) மதிப்பெண் கோப்புகளில் துறைத்தலைவர் என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்திட்டால், அந்த மதிப்பெண்களைச் சரிபார்த்தேன் என்று உறுதி கொடுக்கிறீர்கள். உங்கள் முன்னவர் காலத்தில் நடந்த தேர்வுகளுக்கும் சேர்த்துத்தான். மாணவர் தேர்வு எழுத 80 சதவீத வருகையும் 40 சதவீத ஐசாஸ் மதிப்பெண்ணும் வேண்டும். 38ஐ 40 ஆக்கச் சொல்லி அழுத்தம் வருவதும், வருகைப் பதிவேட்டில் பின்னால் டிக் போடுவதும் தலைமை மாறும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. தணிக்கையில் சிக்கினால் கேள்வி கையெழுத்திட்டவரிடம்தான் வரும். எனவே ஒரு பக்கத்தில் ஒப்படைப்புக் குறிப்பு தயாரியுங்கள். எந்தப் பாடத்தில் எந்தத் தேர்வு எந்தத் தேதி வரை சரிபார்க்கப்பட்டது, எந்தக் கோப்பு காணவில்லை, எந்த வகுப்புக்கு விரிவுரையாளர் இல்லை என்று எழுதி, கேம்பஸ் மேனேஜரிடம் ஒரு பிரதி கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கொள்முதல் படிவங்களில் கடிதம் வருமுன் கையெழுத்தே வேண்டாம். நிதி அதிகாரம் தனி ஒப்படைப்பு. அது துறைத்தலைவர் நாற்காலியோடு தானாகச் சேர்ந்து வராது.

நிரந்தரமாகும் கதை: பொறுப்புக் காலம் இடைவிடாமல் 12 மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் விதி. அதைத் தாண்டினால் விதி மீறப்படுகிறது, அவ்வளவுதான். உங்களுக்குப் பதவி உரிமை வராது. பதவி விளம்பரமாகும்போது மற்றவர்களைப் போலவே இசட்83 என்ற அரசு வேலை விண்ணப்பப் படிவம் நிரப்பி விண்ணப்பிக்க வேண்டும். பொறுப்பில் இருந்த அனுபவத்தை அதில் காட்டலாம், கடிதம் இருந்தால் மட்டும்.

பணம் கேட்டவரைப் பற்றி. இப்படிப்பட்டவர்கள் கோயில் விழாவிலும் கல்யாண வீட்டிலும் அறிமுகமாகிறார்கள். சொந்தக்காரர் சொன்னதால் நம்புகிறோம். அவர்கள் எதையும் செய்வதில்லை. நான்கைந்து பேரிடம் பணம் வாங்கிக்கொண்டு, யாருக்காவது கடிதம் இயல்பாக வந்தால் "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்பார்கள். மற்றவர்களிடம் "மேலே இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள்" என்பார்கள். பள்ளிகளில் பதவிகள் விற்கப்பட்டதைப் பேராசிரியர் ஜான் வோல்மிங்க் தலைமையிலான அமைச்சரகப் பணிக்குழு 2016இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அந்த நோய் அதோடு தீர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 2004ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளிதான். நீங்கள் கொடுத்தால் பணம் போவதோடு வேலையும் போகும். தேசிய ஊழல் தடுப்பு இலவச எண் 0800 701 701. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். அந்த ஆள் அனுப்பிய செய்திகளை வைத்திருங்கள், வங்கிக் கணக்கு எண் அனுப்பியிருந்தால் அதையும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில் தவறு செய்பவர்கள் அதிகம். மேலே சொன்ன எல்லாம் உயர்கல்வித் துறையின் ஊழியர்களுக்கு. கல்லூரி ஆட்சிக் குழு தன் சொந்த நிதியிலிருந்து சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் விரிவுரையாளர்களுக்கு இது பொருந்தாது. ஒரே ஓய்வறையில் உட்கார்ந்து, ஒரே பாடத்தை நடத்துவார்கள், ஆனால் முதலாளி வேறு. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள சம்பளச் சீட்டைப் பாருங்கள். பெர்சல் எண் இருந்தால் துறை, கல்லூரியின் பெயரில் மட்டும் சீட்டு வந்தால் ஆட்சிக் குழு. ஆட்சிக் குழு ஊழியருக்கு ஆறு வாரக் கணக்கும் நாட்ச் கணக்கும் தானாக வராது. கல்லூரியின் மனிதவளக் கொள்கையிலும் அவருடைய ஒப்பந்தத்திலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். அந்தக் கொள்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, பொறுப்புக் கடிதம் மார்ச் வரை இருக்கிறது என்றால், அந்த மூன்று மாதத்துக்கு அந்தக் கடிதம் ஒப்பந்தத்தை நீட்டித்துவிடாது. ஒப்பந்த நீட்டிப்பைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். துறையின் பதவியில் ஆட்சிக் குழு ஊழியரைப் பொறுப்பாக உட்கார வைத்தால் படியை யார் கொடுப்பது என்று இரு பக்கமும் கை விரிக்கும். அந்த வரி கடிதத்தில் இல்லாமல் ஏற்கவே கூடாது. ஆட்சிக் குழு கலைக்கப்பட்டு நிர்வாகி நியமிக்கப்பட்ட கல்லூரியாக இருந்தால், கையெழுத்து நிர்வாகியிடமிருந்து வர வேண்டும், பழைய குழுத் தலைவரிடமிருந்து அல்ல. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை விசாவில் வந்தவர்கள், விசாவில் எழுதியுள்ள பதவியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டும் கடிதம் வரவில்லை, படி மறுக்கப்படுகிறது என்றால் எழுத்தில் குறைதீர் மனு கொடுங்கள். தொழிலுறவுச் சட்டப்படி நியாயமற்ற தொழில் நடைமுறை என்று முறையிட 90 நாள்தான் கெடு. துறை விரிவுரையாளர்களுக்கு அது கல்வித் தொழிலுறவு மன்றம். மனு எச்.ஆர். மேசையில் கிடக்கும்போதும் அந்த 90 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். "கமிட்டி கூடட்டும்" என்று சொல்லியே கெடுவைத் தாண்ட வைப்பார்கள். தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்புக் கோர வேண்டிவரும், அது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நாட்காட்டியில் 60ஆவது நாளைக் குறித்து வையுங்கள். அதற்குள் பதில் வராவிட்டால் தொழிற்சங்கப் பிரதிநிதியோடு மன்றத்துக்குப் போங்கள்.

இன்றே அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் இவ்வளவுதான், முதல்வருக்கும் எச்.ஆருக்கும் கேம்பஸ் மேனேஜருக்கும் சேர்த்து: "இந்தத் தேதியிட்ட வாட்ஸ்அப் செய்தியின்படி அன்று முதல் துறைத்தலைவர் பணிகளைச் செய்து வருகிறேன். செய்தியின் பிரதியை இணைத்துள்ளேன். அந்தத் தேதியிலிருந்து நடப்புக்கு வரும் எழுத்து நியமனத்தையும், பதவி காலியாகவும் நிதியோடும் உள்ளது என்ற உறுதியையும் ஏழு வேலை நாட்களுக்குள் தர வேண்டுகிறேன். அதுவரை மூத்த விரிவுரையாளர் என்ற முறையில் மட்டுமே ஆவணங்களில் கையெழுத்திடுவேன்."