கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் பாதிக்கப்பட்ட பழங்குடியினருக்குச் சடங்குகள் எப்படி மருந்தாகும்? கவுன்சலிங் போதாதா?

கவுன்சலிங்கும் வேண்டும்தான். ஆனால் அங்கே பறிபோனது என்னவென்று பாருங்கள். பழங்குடிப் பண்பாட்டை மறக்கடிக்க அரசும் தேவாலயங்களும் நடத்திய அந்தப் பள்ளிகளுக்காக 1,50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். போய்ச் சேர்ந்ததுமே பின்னலை வெட்டினார்கள், தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். ஊரிலும் 1885 முதல் 1951 வரை பாட்லாட்ச் சடங்குக்கு (மேற்குக் கரைப் பழங்குடியினர் விருந்து வைத்துப் பொருள்களை வாரி வழங்கும் விழா) சட்டப்படியே தடை. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில்தான், அவ்வளவு சமீபம்!

அதனால் பறித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதே பலருக்குச் சிகிச்சை. வியர்வைக் குடிலையே எடுத்துக்கொள்ளுங்கள்: வில்லோ கம்புகளை வளைத்துக் கட்டி, மேலே போர்வை மூடிய தாழ்வான குடில், தவழ்ந்துதான் நுழைய வேண்டும், நடுக்குழியில் நெருப்பில் பழுத்த கற்கள் (பல சமூகங்களில் அவற்றைத் ‘தாத்தாக்கள்’ என்றே அழைக்கிறார்கள்), தண்ணீர் ஊற்றியதும் ஆவி குப்பென்று எழும், பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாத அந்த இருட்டில், பாட்டுக்கும் பிரார்த்தனைக்கும் நடுவே, பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததைச் சிலரால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது.

அப்புறம் முடி. அதை மறுபடி வளர்த்துப் பின்னிக்கொள்வதே சிலருக்குப் பெரிய விஷயம்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. தங்கள் சடங்குகள் சாத்தானுடையவை என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்களில் சிலருக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை, அவர்களை வற்புறுத்தவே கூடாது.