மருந்துக்கு இரண்டு இடத்தில் மரம்

கேள்வி: 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற பழைய அமெரிக்கப் பயணிகள் கப்பலில் மருந்துக்குக்கூட மரம் கிடையாது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். நிஜமா, கப்ஸாவா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கிட்டத்தட்ட நிஜம். மருந்துக்கு இரண்டு இடத்தில் இருந்ததாகச் சொல்வார்கள்: சமையலறையில் கறி வெட்டும் கட்டை, அப்புறம் பியானோ. கப்பலை வடிவமைத்த வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸுக்குத் தீ என்றால் அப்படி ஒரு பயம், அதில் நியாயமும் இருந்தது. 1934இல் 'மாரோ கேசில்' என்ற கப்பல் நியூ ஜெர்சி கரைக்குப் பக்கத்திலேயே எரிந்தபோது உள்ளே இழைத்து வைத்திருந்த மரப்பலகைகளே விறகாகி, 130 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். அதனால் மனுஷன் நாற்காலி, மேஜைக்கெல்லாம் அலுமினியம், திரைச்சீலைக்குக் கண்ணாடி இழை என்று இறங்கிவிட்டார். பியானோவையும் அலுமினியத்தில் கேட்டாராம்! ஸ்டீன்வே கம்பெனி மசியவில்லை. கடைசியில் சுலபமாகத் தீப்பிடிக்காத மஹோகனியில் செய்து, அதன்மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திக் காட்டித்தான் சம்மதம் வாங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு.

அலுமினியத்தால் எடை குறைந்தது, வேகத்துக்கும் அது கைகொடுத்தது. 1952 ஜூலையில் முதல் பயணத்திலேயே நியூயார்க்கிலிருந்து கிளம்பி 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி, 'குவீன் மேரி' என்ற பிரிட்டிஷ் கப்பலின் சாதனையைப் பத்து மணி நேர வித்தியாசத்தில் தோற்கடித்தது. சராசரி வேகம் 35.59 நாட், அதாவது மணிக்குச் சுமார் 66 கிலோமீட்டர். 302 மீட்டர் நீளக் கப்பல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

கேள்வி: அவ்வளவு வேகமான கப்பல் அப்புறம் ஏன் காணாமல் போனது? (வாசகி, காரைக்குடி)

பதில்: ஜெட் விமானம் வந்துவிட்டது, வேறென்ன. மூன்றரை நாள் வேகம் என்று இவர்கள் மார்தட்டிக்கொண்டிருக்கும்போது, 1958இல் ஜெட் ஏழெட்டு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்க ஆரம்பித்தது. கட்டிய செலவு 7.8 கோடி டாலரில் சுமார் 5 கோடி அமெரிக்க அரசு கொடுத்தது, யுத்தம் வந்தால் 14,000 சிப்பாய்களை ஏற்றலாம் என்ற கணக்கில். அதனால்தான் அடிப்பகுதியின் வடிவத்தையும் சுழலிகளையும் வருஷக்கணக்கில் ரகசியமாக வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு யுத்தத்துக்கும் படையேற்றிப் போகவில்லை. 1969இல் நிறுத்தினார்கள். பல கை மாறி, 1996இலிருந்து பிலடெல்பியாவில் பெயிண்ட் உரிந்து நின்றது. கடைசியில் நிறுத்தும் இடத்துக்கான வாடகைத் தகராறு கோர்ட்டுக்குப் போய், இடத்தைக் காலி செய் என்றாகிவிட்டது. புளோரிடாவின் ஒக்கலூசா கவுன்ட்டி அதை வாங்கியது, மீன்கள் தங்கும் செயற்கைப் பாறையாகக் கடலில் மூழ்கடிக்க. மூழ்கடிக்கத் தயார் செய்வதற்காக 2025 பிப்ரவரியில் இழுவைப்படகு கட்டி அலபாமாவுக்குக் கொண்டுபோனார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் அடித்த அந்த ராட்சதப் புகைபோக்கிகளைக் கழற்றினார்கள், கரையில் மியூசியம் வைக்க.