சிலீவ் செய்தும் எடை திரும்பிவிட்டது, நெஞ்செரிவும் வந்துவிட்டது: இரண்டாவது சத்திரசிகிச்சைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், பாடசாலை ஆசிரியை. உயரம் 158 சென்ரிமீற்றர். ஆறு வருடங்களுக்கு முன் 118 கிலோவாக இருந்தபோது இரைப்பையைச் சிறிதாக்கும் சிலீவ் சத்திரசிகிச்சை செய்தேன். ஒன்றரை வருடத்தில் 79 கிலோவுக்கு இறங்கினேன், நீரிழிவுக் குளிசையும் நின்றது. இப்போது 97 கிலோ. சீனி மறுபடி ஏறியிருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை நெஞ்செரிவு. இரவில் படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை வருகிறது. ஒமெப்ரசோல் இரண்டு வேளையும் போடுகிறேன். இரைப்பையில் ஒரு சிறு பையை மட்டும் விட்டு அதைக் குடலோடு இணைக்கும் பைபாஸாக மாற்றலாம் என்கிறார் சத்திரசிகிச்சை நிபுணர். வீட்டில் "வாயைக் கட்டினால் சரி" என்கிறார்கள். செய்யலாமா? எவ்வளவு லீவு வேண்டும்? சென்னையில் போய்ச் செய்வது நல்லதா? பிறகு கந்தசஷ்டி விரதம் பிடிக்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எடையைவிட நெஞ்செரிவுதான் வலுவான காரணம். வெறும் எடைக்காக மட்டும் என்றால், கொஞ்சம் பொறுங்கள், மருந்தைப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். இரவில் தொண்டைக்குப் புளிநீர் வருவது வேறு விஷயம். அதற்கு இரண்டாவது சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிப்பது நியாயம். ஆனால் சில பரிசோதனைகள் முடியாமல் திகதி குறிக்க வேண்டாம்.

முதலில் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. எடை குறைக்கும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எடை கொஞ்சம் திரும்புவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். சுவீடனில் பல்லாண்டு நடந்த பெரிய ஆய்வொன்றில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் உடல் எடையில் 32 சதவீதம் குறைந்தார்கள், பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக நின்றது. அவர்கள் எல்லோரும் வாயைக் கட்டாதவர்கள் இல்லை. எடை குறையக் குறைய உடல் பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். நீங்கள் 39 கிலோ குறைத்தீர்கள், 18 கிலோ திரும்பியது. அந்த 18 வழமையைவிடக் கூடத்தான், அதற்குக் காரணம் தேட வேண்டும். ஆனாலும் இன்றைக்கும் பழைய எடையைவிட 21 கிலோ கீழே இருக்கிறீர்கள். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நெஞ்செரிவு ஏன் வந்தது? சிலீவில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்கு, சில வேளை ஐந்தில் நான்கு பங்கு, வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது ஒடுங்கிய குழாய். அதற்குள் அமுக்கம் கூட. அமிலத்தைக் கீழேயே பிடித்து வைக்க உதவும், உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் அந்தக் கோணமும் மாறிவிடுகிறது. பிறகு உதரவிதானத்தின் இடைவெளியால் இரைப்பை மேலே நழுவினால், வாசல் திறந்தே கிடக்கும். பின்லாந்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பத்து வருடம் பின்தொடர்ந்தபோது, சிலீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கு உணவுக்குழாயில் புண் இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் அது 7 சதவீதம். பைபாஸில் மேலே விடப்படும் சிறு பை ஏறக்குறைய 30 மில்லிலீற்றர்தான், அதில் அமிலம் சொற்பம். பித்தநீரும் வெகு தூரம் கீழேதான் வந்து சேர்கிறது. அதனால்தான் உங்கள் நிபுணர் பைபாஸ் என்கிறார், அந்த யோசனையில் பிழை இல்லை.

எடை விஷயத்தில் மட்டும் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை குறையும் எடை முதல் முறையைப் போல வராது. "மறுபடி 79ஐப் பார்ப்பேன்" என்று கணக்குப் போட்டுக்கொண்டு தியேட்டருக்குள் போகிறவர்கள்தான், புளிநீர் நின்று நன்றாகத் தூங்கினாலும் பிறகு மனம் உடைந்து வருகிறார்கள்.

சரி, பரிசோதனைகள். எண்டோஸ்கோப்பி கட்டாயம்: புண் இருக்கிறதா, இரைப்பை மேலே நழுவியிருக்கிறதா, உணவுக்குழாயின் உட்பூச்சு மாறத் தொடங்கியிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபக்டர் கிருமியையும் அப்போதே பார்த்துவிடலாம். பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே, குழாய் எங்காவது நெரிந்தோ முறுக்கியோ கிடக்கிறதா, மேல்பகுதி பலூன் போல விரிந்திருக்கிறதா என்று காட்டும். உணவுக்குழாயின் அசைவையும் 24 மணிநேர அமில அளவையும் பார்ப்பது இன்னும் நல்லது. எரிவெல்லாம் அமிலம் இல்லை, சிலருக்கு உணவுக்குழாயே சரியாகத் தள்ளுவதில்லை. அவர்களுக்கு பைபாஸ் செய்தும் பயன் குறைவு.

பழைய சத்திரசிகிச்சைக் குறிப்பையும் தேடி எடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் இரண்டு வரிதான் இருக்கும். முழுக் குறிப்பை அந்த வைத்தியசாலையின் பதிவேட்டுப் பகுதியில் எழுத்தில் கேளுங்கள். குழாயை எவ்வளவு ஒடுக்கினார்கள், அப்போதே உதரவிதான இடைவெளியைத் தைத்தார்களா என்பதெல்லாம் இரண்டாவது நிபுணருக்குத் தங்கம்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின், பெரிற்றின், பி12, போலிக் அமிலம், விற்றமின் டி, கல்சியம், அல்புமின், தைரொயிட், மூன்று மாதச் சீனி. ஆறு வருடமாக விற்றமின் குளிசை ஒழுங்காகப் போடாதவர்களுக்கு இரும்பும் பி12உம் அடிமட்டத்தில் கிடக்கும். அதை நிரப்பாமல் பைபாஸுக்குப் போவது வீண் ஆபத்து, ஏனென்றால் பைபாஸ் அவற்றை உறிஞ்சும் இடத்தையே தாண்டிப் போகிறது.

உங்கள் குளிசைப் பட்டியலையும் ஒருக்கா பாருங்கள். ஸ்டீரொயிட், இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும். அப்புறம் சாப்பாடு. சிலீவ் குழாயில் ஒரு பிடி சோறும் இறைச்சியும் அடைத்துக்கொள்ளும், ஆனால் சீனி போட்ட தேத்தண்ணி, பிஸ்கட், ஐஸ்கிறீம் தடையில்லாமல் இறங்கும். ஆசிரியர் ஓய்வறையில் இடைவேளைக்கு ஒரு ரோல்ஸ், பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பது இருந்தால், அதை ஒளிக்காமல் உணவியல் நிபுணரிடம் சொல்லுங்கள். அந்தப் பழக்கத்தை எந்த பைபாஸும் வெட்டி எடுக்காது.

எடை குறைக்கும் ஊசி மருந்துகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். லிராகுளூட்டைட், செமாகுளூட்டைட், டிர்செபற்றைட் மூன்றும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எடை திரும்பியவர்களுக்கும் கொடுக்கப்படுகின்றன. சத்திரசிகிச்சையில் எதிர்பார்த்த அளவு எடை குறையாதவர்களுக்கு லண்டனில் 24 வாரம் லிராகுளூட்டைட் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் எடை ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தது. உங்களைப் போல எடையும் சீனியும் ஏறி, நெஞ்செரிவு மட்டும் இல்லாத ஒருவருக்கு நான் முதலில் இந்த வழியைத்தான் சொல்வேன். உங்களுக்கு ஊசியால் எரிவு தீராது. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் கூடவும் செய்யலாம்.

பைபாஸிலும் இரண்டு வகை உண்டு. குடலை ஒரே இடத்தில் இணைக்கும் மினி பைபாஸ் சீக்கிரம் முடியும். ஆனால் பித்தநீர் மேலே ஏற வாய்ப்பு இருக்கிறது. எதுக்களிப்புக்காகவே மாற்றும் ஒருவருக்கு அது பொருத்தமில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு இடத்தில் இணைக்கும் ரூ-என்-வை முறையா என்று நேரடியாகக் கேளுங்கள். இப்படி மாற்றும் சத்திரசிகிச்சை எத்தனை செய்திருக்கிறீர்கள், தையல் இடத்தில் கசிவு வந்தால் இரவில் யார் பார்ப்பார்கள் என்றும் கேட்கலாம். நல்ல நிபுணர் இதற்குக் கோபிக்கமாட்டார். முதல் முறையைவிட இரண்டாம் முறையில் கசிவு, இரத்தக்கசிவு, தொற்று எல்லாமே கூட. உள்ளே தழும்பும் ஒட்டுகளும் இருக்கும், பழைய தையல் ஓரத்தில் இரத்த ஓட்டமும் குறைவு. இன்னொரு அபிப்பிராயம் வேண்டுமென்றால் தனியாரில் வேறொருவரைச் சனல் பண்ணலாம், கொழும்பு தேசிய வைத்தியசாலை கிளினிக்கிலும் விசாரிக்கலாம்.

சென்னையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. சிக்கல் திரும்பி வந்த பிறகுதான். பத்தாம் நாள் காய்ச்சல் அடித்தால் வெட்டியவர் அங்கே, நீங்கள் வெள்ளவத்தையில். போவதானால் குறைந்தது இரண்டு வாரம் அங்கேயே தங்கத் திட்டமிடுங்கள். இங்கே உங்களைத் தொடர்ந்து பார்க்கச் சம்மதிக்கும் ஒரு நிபுணரைப் போகும் முன்பே பிடித்துவையுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் போகவேண்டாம்.

இனி தேறும் காலம். ஈரலைச் சுருக்குவதற்காக சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு தருவார்கள். அந்த நாட்களில் சீனிக் குளிசையின் அளவைக் குறைக்க வேண்டிவரும், நீங்களாக மாற்றவேண்டாம். வைத்தியசாலையில் இரண்டு முதல் நான்கு நாள். சத்திரசிகிச்சை நடந்த அன்று மாலையே எழுப்பி நடக்கவிடுவார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி வீட்டிலும் சில வாரம் தொடரலாம்.

சாப்பாடு படிப்படியாக. முதல் இரண்டு வாரம் திரவம்: தண்ணீர், வடித்த சூப், மோர், சீனி இல்லாத புரதப் பானம். ஒரு மணிநேரத்துக்கு அரைக் கோப்பை என்று மிடறு மிடறாகக் குடியுங்கள். பிறகு இரண்டு வாரம் மசித்தது: பருப்பு, முள் எடுத்து மசித்த மீன், தயிர், அவித்த முட்டை. ஐந்தாம் வாரத்தில் மென்மையானவை. இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து மெல்லலாம், புட்டும் பாணும் ரொட்டியும் அடைக்கும், அவை கடைசியில். நம் வீட்டில் சோற்றுக்குத்தான் முதலிடம், கறி தொட்டுக்கொள்ள. இனி மீனும் முட்டையும் பருப்பும் முதலில், இடம் மிஞ்சினால் சோறு. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போகவேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கவேண்டாம், அரை மணிநேரம் விடுங்கள்.

விற்றமின்கள் ஆயுளுக்கும். இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணிநேர இடைவெளி விடுங்கள். இரும்புக் குளிசைக்கு முன்னும் பின்னும் தேத்தண்ணி கூடாது, அது இரும்பை உறிஞ்சவிடாது. மாதச் செலவு எவ்வளவு வரும் என்று ஒசுசலவில் இப்போதே விசாரித்துப் பாருங்கள். அந்தச் செலவைத் தொடர முடியாதென்றால் பைபாஸ் உங்களுக்குச் சரிவராது. கால்வலி, முதுகுவலிக்கு டைக்ளோபெனக், இபுபுரொபென் இனி வேண்டாம், இணைப்பு இடத்தில் புண் வரும். பனடோல் போதும். மூன்றாம் மாதமளவில் முடி கொட்டும், பயப்படாதீர்கள், திரும்பி வளரும்.

பயப்பட வேண்டியது வேறு. சும்மா இருக்கும்போது நாடித்துடிப்பு 120க்கு மேல் போனால், அது கசிவின் முதல் அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சலும் வலியும் அதற்குப் பிறகுதான் வரக்கூடும். மூச்சு வாங்குதல், இடது தோள்வலி, ஒரு கால் மட்டும் வீங்குதல், தண்ணீர் கூடத் தங்காத வாந்தி எதுவானாலும் காத்திராதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்தால் அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோவார்கள். அங்கே இருக்கும் இளம் வைத்தியர் உங்கள் உடலுக்குள் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று அறிந்திருக்கமாட்டார். அதனால் செய்த முறை, திகதி, நிபுணரின் தொலைபேசி இலக்கம் எழுதிய ஒரு தாள் கைப்பையில் இருக்கட்டும். அதில் இன்னொரு வரி சேருங்கள்: "நாட்கணக்கில் வாந்தி என்றால் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்கவும்." தயமின் என்பது விற்றமின் பி1, அது இல்லாத உடலில் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். மாதங்கள், வருடங்கள் கழித்து சாப்பிட்டதும் வயிற்றை முறுக்கும் வலி வந்து வந்து போனால், குடல் உள்ளே நழுவிச் சிக்குவதாக இருக்கலாம். ஸ்கான் சரியாக இருந்தாலும் நிபுணரிடம் போகவேண்டும்.

லீவு? மேசை வேலை என்றால் இரண்டு மூன்று வாரம். நீங்கள் நாள் முழுக்க நின்று உரத்துப் பேசுகிறவர், காலி வீதி பஸ்ஸில் நெரிபடுகிறவர். ஆறு வாரம் கேளுங்கள். முடிந்தால் தவணை விடுமுறையோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு வாரமும் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, கொப்பிக் கட்டும் அதில் சேரும். நடை மட்டும் முதல் வாரத்திலிருந்தே. வெயில் தாழ்ந்த பிறகு மரைன் டிரைவ் பக்கம் பத்து நிமிடத்தில் தொடங்கலாம்.

கந்தசஷ்டி. முதல் வருடம் வேண்டவே வேண்டாம். பிறகும் தண்ணீர் கூடக் குடிக்காத உபவாசம் உங்களுக்கு இனி இல்லை. சிறு பையால் இழந்த நீரை ஒரேயடியாகக் குடித்து ஈடுசெய்ய முடியாது, சீனிக் குளிசையோடு பட்டினி கிடந்தால் மயக்கம் வரும். பாலும் பழமும் மட்டும் எடுக்கும் முறையும் யோசித்துத்தான். வெறும் வயிற்றில் பழச்சாறு போனால் பைபாஸ் செய்தவர்களுக்கு வியர்த்து, படபடத்து, வயிற்றோட்டம் வரும். எடை நிலைத்து, இரத்தப் பரிசோதனைகள் சரியாக வந்த பிறகு, ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு, மற்ற வேளைகளில் பால், தயிர், அவித்த கடலை என்று ஆறு நாளும் பிடிக்கலாம். விற்றமினையும் தண்ணீரையும் அந்த நாட்களிலும் நிறுத்தவேண்டாம். மற்றக் குளிசைகளின் நேரத்தை உங்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.