நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தமா?

இல்லை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர், அவ்வளவுதான். கணக்குக்காரர் இறந்தபின் யாரிடம் கொடுப்பது என்று வங்கி அல்லாடக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நீங்கள் ஊரில் இல்லாதபோது அடுத்த வீட்டு அக்கா கையெழுத்துப் போட்டு உங்கள் கேஸ் சிலிண்டரை வாங்கி வைப்பார், ஆனால் சிலிண்டர் உங்களுடையதுதானே?

மயிலாப்பூரில் ஓர் இந்துக் குடும்பம் என்று வையுங்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் 12 லட்சம் டெபாசிட் போட்டு, மூத்த மகனை நாமினியாக்கிவிட்டு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பணம் மகன் கைக்கு வரும், சரி. ஆனால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு மகன்கள், கல்யாணமாகிப் போன மகள், நாலு பேருக்கும் தலா 3 லட்சம். அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. இதைத்தான் நிறைய வீடுகளில் மறந்துவிடுகிறார்கள், தயவுசெய்து மறக்காதீர்கள். ஷேர்களுக்கும் இதே கதைதான், 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீடு மட்டும் கொஞ்சம் வேறு: 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பொதுவாகப் பணம் அவர்களுக்கே.

அப்புறம், உயிலுக்கு முத்திரைத்தாளும் பதிவும் கட்டாயம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் அது செல்லும்.