பார்சல் சோறும் இரவுக் கொத்தும்

கேள்வி: கம்பஸ் மாணவி நான். கொழும்பில், வெள்ளவத்தையில் தங்கியிருக்கிறேன். காலையில் சாப்பிட நேரமில்லை; 11 மணிக்கு ரோல்ஸ் என்ற பொரித்த சிற்றுண்டி. மதியம் சோற்றுப் பார்சல், இரவு கொத்து ரொட்டி. ஆறு மாதத்தில் 5 கிலோ கூடிவிட்டது. அறையில் ரைஸ் குக்கர் மட்டும்தான். சோற்றை விட்டுவிடலாமா?

பதில்: விடவேண்டாம், அளவை மாற்றுங்கள். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி. பார்சலைப் பிரித்ததும் மூன்றில் ஒரு பங்கு சோற்றை ஒதுக்கிவிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டே குறைப்பது கடினம். அப்பளம், எண்ணெயில் பொரித்தவற்றுக்குப் பதிலாகப் பருப்பும் கீரையும் கூடுதலாகக் கேளுங்கள்.

உண்மையான சிக்கல் காலைப் பட்டினிதான். அதனால்தான் 11 மணிக்கு ரோல்ஸைத் தேடுகிறீர்கள். இரவில் 50 கிராம் பாசிப்பயறை ஊறவையுங்கள். காலையில் தண்ணீர் மாற்றி, குக்கரில் அரை மணித்தியாலம் அவித்தால் போதும். பாதிக்குமேல் நிரப்பாதீர்கள், நுரைத்து வழியும். உப்பைக் கடைசியில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவும் (துருவல்) கட்டாச்சம்பலும் (மிளகாய், வெங்காயம் இடித்த சம்பல்) சேர்த்துச் சாப்பிடுங்கள். 12 கிராமளவு புரதம் கிடைக்கும். கூடவே ஓர் அவித்த முட்டை இருந்தால் மதியம்வரை பசி தாங்கும்.

கொத்து வாரத்தில் ஒருநாள் போதும், அதையும் தோழியுடன் பாதியாக்குங்கள். ரொட்டியிலும் எண்ணெய், கல்லிலும் எண்ணெய். மற்ற இரவுகளில் ஐந்து இடியாப்பம், சொதி, மீன்கறி.

தேநீரையும் எண்ணிப் பாருங்கள்: இரண்டு தேக்கரண்டிச் சீனியுடன் நாளுக்கு மூன்று கோப்பை என்றால், சீனியிலேயே 100 கலோரி. வாரம் அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். மாதவிடாய் தவறினாலோ மிகவும் சோர்வாக இருந்தாலோ தைரொயிட் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.