காலி அறையில் மூன்று பேர்

கேள்வி: கூட்ட அறைகளின் கதவு நிலைக்கு மேலே தூரத்தை அளக்கும் விஎல்53எல்1எக்ஸ் லேசர் சென்சாரும், அதை இயக்கும் சிறு கணினியான இஎஸ்பி32 போர்டும் பொருத்தி, உள்ளே போவோரையும் வெளியே வருவோரையும் எண்ணி, எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியே சர்வருக்கு அனுப்புகிறோம். காலையில் சரியாக இருக்கும் கணக்கு, மாலையில் காலி அறையில் 3 பேர் என்று காட்டுகிறது. பிஐஆர் சென்சாருக்கு மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். பிஐஆர் அசைவை உணரும். அதற்கு எண்ணத் தெரியாது. ஆனால் ஒன்று வாங்கி வையுங்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

வாசலில் கூட்டிக் கழிக்கும் எந்த முறையிலும் ஒரு தவறு நாள் முழுக்கக் கூடவே வரும். வெளியே போனவரைத் தவறவிட்டால் கணக்கில் அவர் அறைக்குள்ளேயே இருப்பார். உள்ளே வந்தவரைத் தவறவிட்டால் கணக்கு -1 வரை இறங்கும். பல புரோகிராம்கள் அதை 0 ஆக்கிவிடும். ஆகவே குறைவது மறைந்து, கூடுவது மட்டும் தங்குகிறது.

உயரத்தை முதலில் பாருங்கள். இந்த சென்சாரின் பார்வை 27 டிகிரி கூம்பு. அது 2.1 மீட்டரில் இருந்தால், 1.7 மீட்டர் உயரமானவரின் தலைமட்டத்தில் கூம்பு ஒரு சாண் அகலம்கூட இருக்காது. அதையும் இரண்டாகப் பிரித்துத்தான் திசையை அறிகிறோம். விறுவிறுவென்று நடப்பவரின் தலை ஏறக்குறைய கால் நொடியில் கடந்துவிடும். ஒரு பகுதியை அளக்க 100 மில்லிநொடி எடுத்தால் திசை குழம்பும், 33க்குக் குறையுங்கள். 2.4 மீட்டருக்கு ஏற்ற முடிந்தால் இன்னும் நல்லது. கதவு திறக்கும் பக்கத்தில் மாட்டாதீர்கள், கதவே ஓர் ஆளாகிவிடும். தலை முதல் பகுதியில், பிறகு இரண்டிலும், பிறகு இரண்டாம் பகுதியில், கடைசியில் காலி என்ற வரிசை முடிந்தால் மட்டுமே எண்ணுங்கள். எட்டிப் பார்த்துத் திரும்புபவர் கணக்கில் வரமாட்டார். இருவர் தோளோடு தோள் நுழையும் அகலமான வாசலுக்கு இந்த ஒரு சென்சார் போதாது.

அடுத்தது நெட்வொர்க். '+1', '-1' என்று அனுப்பினால் எம்க்யூடிடியில் செய்தி போய்ச் சேரும் உறுதியின் அளவான க்யூஓஎஸ் 0-வில் செய்தி தொலையலாம், 1-இல் இரண்டு முறை வரலாம். 'இதுவரை உள்ளே 41, வெளியே 38' என்று மொத்தத்தை அனுப்புங்கள். ஒன்று தொலைந்தாலும் அடுத்தது சரிசெய்துவிடும். மொத்தம் திடீரென்று குறைந்தால் போர்டு ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. சர்வர் அதைக் கவனித்து, பழைய மொத்தத்தோடு புதியதைச் சேர்க்க வேண்டும்.

இனி பிஐஆர். வாசலுக்கு வெளியே நடப்பவர் தெரியாதபடி அறைக்குள் மாட்டுங்கள். 30 நிமிடம் அசைவே இல்லையென்றால் கணக்கைப் பூஜ்யமாக்கலாம். அப்போது எத்தனை மிஞ்சியிருந்தது என்பதைத் தவறாமல் பதிவுசெய்யுங்கள். ஒரே அறையில் தினமும் மிஞ்சினால், கூட்டம் கலையும் நேரத்தில் அந்த வாசலருகே நின்று பாருங்கள். பெரும்பாலும் கதவைப் பிடித்தபடி சென்சாருக்கு நேர் கீழே யாராவது நின்று பேசிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் அவரை ஒட்டி வெளியேறிக்கொண்டிருப்பார்கள்.