பழைய வீட்டின் விலையில் பழுதுச் செலவை எப்படிக் கழிப்பது?

கேள்வி: தாம்பரம் பக்கம் 36 வருடப் பழைய தனி வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். மனை 1,200 சதுர அடி. கான்கிரீட் கட்டடம், கீழ்த்தளம் மட்டும் 900 சதுர அடி. 84 லட்சம் கேட்கிறார்கள். அந்தத் தெருவில் காலி மனை சதுர அடி 6,000 ரூபாய்க்குப் போகிறது. புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,500 ஆகும் என்கிறார் மேஸ்திரி. “பெயின்ட் அடிச்சு டைல்ஸ் போட்டா போதும், 4 லட்சத்துல முடிஞ்சிடும்” என்கிறார் தரகர். கையில் 30 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன். வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். மனைக்கு 72 லட்சம் போக, கட்டடத்துக்கு 12 லட்சம் கேட்கிறார்கள். அதே அளவு வீட்டைப் புதிதாகக் கட்ட 22.5 லட்சம் ஆகும். கட்டடத்தின் ஆயுள் 60 வருடம் என்று வைத்தால் பாக்கி 24 வருடம். 22.5 லட்சத்தில் 60-க்கு 24 பங்கு, அதாவது 9 லட்சம்தான் இன்றைய மதிப்பு. அதுவும் கூரை, வயரிங், குழாய் மூன்றும் நன்றாக இருந்தால்தான். இவற்றைச் சரிசெய்யும் செலவை அந்த 9 லட்சத்தில் கழியுங்கள். டைல்ஸும் மாடுலர் கிச்சனும் உங்கள் விருப்பம். அவற்றைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்பது நியாயமில்லை.

மழை பெய்த மறுநாள் ஒரு கட்டடப் பொறியாளரோடு போய்ப் பாருங்கள். சீலிங்கைக் கட்டையால் தட்டும்போது பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் மெலிகிறதா? ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ளே துருவேறி அடைத்திருக்கலாம். பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தில் ஈரம் இருக்கிறதா, பிளக் பாயின்ட்டுகளில் எர்த் வருகிறதா, கதவு நிலைகளின் அடிப்பகுதியில் கரையான் அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தரகர் சொல்லும் 4 லட்சத்தில் விட்டுப்போவது, ஒரு வேலை இன்னொன்றை இழுத்துவரும் செலவு. வயரிங் மாற்றினால் சுவரை வெட்டிப் பூச வேண்டும். குழாய் மாற்றினால் பாத்ரூம் டைல்ஸ் உடையும். அதனால் மொத்தத் தொகையாகப் பேசாமல், உடைப்பது, குப்பை அள்ளுவது, பூசுவது என்று வேலைவாரியாக எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் 20 சதவீதமாவது ஒதுக்குங்கள். சுவரைத் திறந்தால்தான் தெரியும் பழுதுகள் உண்டு. வேலை முடியும்வரை வாடகையும் தவணையும் சேர்ந்தே ஓடும்.

இனி கையிருப்பு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. வங்கி மதிப்பீட்டாளர் 78 லட்சம் போட்டால் கடன் 62.4 லட்சம்தான் கிடைக்கும். 84 லட்சத்தில் மீதி 21.6 லட்சத்தை நீங்கள் போட வேண்டும். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்ந்து 7.56 லட்சம். மிஞ்சுவது 84,000 ரூபாய். இதில் கூரையைத் தொடக்கூட முடியாது. எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வேலைவாரிக் கணக்கை விற்பவர் முன் வைத்துப் பேசுங்கள்.

இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால், இன்றைய விதிப்படி எவ்வளவு பக்க இடம் விட வேண்டும் என்று முதலில் வரைந்து பாருங்கள். எல்லையை ஒட்டிக் கட்டிய பழைய வீட்டின் பரப்பு புது வீட்டில் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: சீலிங் உதிர்ந்து கம்பி தெரிகிறது. சிமென்ட் பூசினால் போதாதா?

பதில்: போதாது. கம்பி துருப்பிடிக்கும்போது பருத்து, கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. மேலே பூசினால் அந்தப் பூச்சும் விழும். முதலில் மொட்டைமாடியில் ஒழுகலை நிறுத்த வேண்டும்: தட்டோட்டின் இணைப்புகள், கைப்பிடிச் சுவர் மூலை, மழைநீர்க் குழாயின் வாய். பிறகு கீழே முட்டுக் கொடுத்து, தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைப் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். எவ்வளவு என்று பொறியாளர் சொல்ல வேண்டும். ஒரு மூலையில் மட்டும் என்றால் இது கட்டுப்படியாகும். எல்லா அறைகளிலும் கம்பி தெரிந்தால் கட்டடத்துக்குத் தனியாக விலை போடாதீர்கள். மனை விலையில் இடிக்கும் செலவையும் கழித்துக் கேளுங்கள்.